சூலியா தெருவில் தங்கி, கொடிமலைக்கு ஏறுங்கள்

தைப்பூசத்துக்குப் பினாங்கு போகாத தோட்டக் குடும்பம் கெடாவிலும் பேராக்கிலும் அரிது. வண்டி பேசி வருகிறோம்; தண்ணீர்மலையில் காவடி பார்க்கிறோம்; சாலையோரத்தில் பாய் விரித்துக் கண்ணயர்கிறோம்; மறுநாள் வேலைக்குத் திரும்பி விடுகிறோம். அதே ஊரில் தலைக்கு மேலே நிற்கும் கொடிமலையை எத்தனை பேர் ஏறிப் பார்த்திருக்கிறோம்?

"அது துரைமார் மலை" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொன்னதில் தவறில்லை. கடற்கரை வெயிலும் காய்ச்சலும் தாங்காத வெள்ளைக்காரர்கள் உடம்பு தேற்றிக்கொள்ளப் போன இடம் அது. ரயில் வருமுன் மட்டக் குதிரையில் போவார்கள், அல்லது டோலியில் உட்கார்ந்து போவார்கள். டோலியைத் தூக்கியவர்கள் யார், உட்கார்ந்தவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஓய்வு என்பது ஒரு சாராருக்கே உரியது என்றிருந்த காலம்!

இன்று அப்படியில்லை. தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஒரே முதலாளியிடம் இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்பவருக்கு ஆண்டுக்கு 8 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் 12 நாள், அதற்கு மேல் 16 நாள் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. இது பொது விடுமுறை நாட்கள் போக. நம்மில் பலர் இந்த நாட்களைச் சாவு வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டுமே செலவிடுகிறோம். அதில் இரண்டே நாட்களை எடுத்து, வீட்டுப் பெரியவர்களையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு மலைக்குப் போய் வாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

மலைமேல் தங்கும் இடம் குறைவு, செலவும் கூடும். ஆகவே சூலியா தெருவில் தங்குங்கள். பட்டர்வொர்த் வரை ரயிலில் வந்தால், நிலையத்தை ஒட்டியே பெர்ரி துறை. கடலைக் கடந்து இறங்கியதும் சில நிமிட நடையில் சூலியா தெரு வந்துவிடும். சுங்கை பட்டாணியிலிருந்தும் தைப்பிங்கிலிருந்தும் வருவோர்க்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. பழைய இரண்டடுக்குப் பெர்ரிகளை இனி தேடாதீர்கள். அவை 2020ஆம் ஆண்டோடு ஓய்வு பெற்றன. 2023 முதல் புதுப் படகுகள் ஓடுகின்றன.

சூலியா என்பது தமிழ் முஸ்லிம்களைக் குறித்த பெயர். கடல் கடந்து வந்த நம் வணிகர்களும் படகோட்டிகளும் குடியிருந்ததால் அந்தப் பெயர் நிலைத்தது. தெருவின் ஒரு முனையில், கிங் தெருச் சந்திப்பில், நாகூர் ஆண்டவர் பெயரால் எழுந்த தர்கா இருக்கிறது. சற்றே நடந்தால் 1801இல் காதர் முகைதீன் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். பக்கத்துக் குவீன் தெருவில் 1833இல் கட்டப்பட்ட மகா மாரியம்மன் கோயில். எல்லாம் நடந்தே பார்க்கும் தூரம். இந்தப் பகுதியைத்தான் 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. முதுகில் மூட்டை கட்டிய வெளிநாட்டு இளைஞர்கள் தங்கும் சின்ன விடுதிகள் இத்தெருவில் வரிசையாக உண்டு. குடும்பத்தோடு போகிறவர்கள் அறையை நேரில் பார்த்து, குளியலறை உள்ளே இருக்கிறதா, படி எத்தனை என்று கேட்டுக்கொண்டு பணம் கட்டுங்கள். பழைய கடைவீடுகளின் மரப்படி செங்குத்தாக இருக்கும், பாட்டிக்கு ஆகாது. இரவில் தெருவோரக் கடைகளில் அடுப்புகள் பற்றிக்கொள்ளும். தோசை வேண்டுவோர் லிட்டில் இந்தியா பக்கம் திரும்பலாம்.

எந்த நாளில் போவது என்பதுதான் முக்கியம். ஞாயிறும் பள்ளி விடுமுறையும் வேண்டவே வேண்டாம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் சிலர் இப்போது ஜப்பானின் பனிமலைக்கே போய்ச் சறுக்கிவிட்டு வருகிறார்கள். ஊர் கூடும் நாளில் போனால் வரிசையில் நிற்பதிலேயே பாதி நாள் போய்விடும் என்று அவர்களும் சொல்கிறார்கள். அங்கே பனி, இங்கே வெறும் குளிர் காற்று. வரிசை மட்டும் ஒன்றுதான். வேலை நாளில், அதிகாலையில் போங்கள். ரயிலைப் பழுதுபார்க்க நிறுத்தும் நாட்களும் உண்டு. புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டையை மறக்கக் கூடாது. மலேசியருக்குக் கட்டணம் குறைவு, வெளிநாட்டாருக்கு அதிகம்.

பெர்ரி துறையிலிருந்து 204ஆம் எண் பேருந்து ஆயர் ஈத்தாம் வழியாக மலையடிவாரத்துக்கே போகிறது. அங்கிருந்து கம்பிவட ரயில். இது 1923 அக்டோபரில் மக்களுக்குத் திறக்கப்பட்டது. முன்பு நடுவழியில் இறங்கி வேறு வண்டிக்கு மாற வேண்டும். மேலே போய்ச் சேர அரை மணி நேரம் ஆகும். 2010இல் மூடிப் புதுப்பித்து, 2011இல் மீண்டும் ஓடத் தொடங்கியதிலிருந்து வண்டி மாறுகிற வேலை இல்லை. சுமார் இரண்டு கிலோமீட்டர் பாதையைப் பத்து நிமிடத்துக்குள் கடந்து விடுகிறது. முழங்கால் வலிக்காரர்களுக்கு இது பெரிய வரம். வண்டி சரிந்து ஏறும்போது பெரியவர்களை உட்கார வையுங்கள். பிள்ளைகள் எப்படியும் முன் கண்ணாடிக்கு ஓடுவார்கள்.

மேலே அருளொளித் திருமுருகன் ஆலயம் இருக்கிறது. அதன் அருகிலேயே பள்ளிவாசல். முருகனைக் கும்பிட்டுவிட்டு ஒரு பெஞ்சில் உட்காருங்கள். கம்பளி வேண்டாம், பாட்டிக்கு ஒரு துண்டு போதும். சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனால் செலவு மிச்சம். ஆனால் பையைத் திறந்து வைக்காதீர்கள். அங்குள்ள குரங்குகள் நம்மைவிடச் சாமர்த்தியசாலிகள்.

வானம் தெளிந்திருந்தால் கீழே ஜார்ஜ் டவுன் நகரமும், கடலும், அக்கரையில் பட்டர்வொர்த்தும் தெரியும். 1985இல் திறந்த முதல் பாலம் வெள்ளைக் கோடுபோல் நீளும். அந்தப் பாலத்துக்குத் தெற்கே, தீவை ஒட்டி ஒரு பச்சைத் திட்டு உண்டு. அதுதான் ஜெரஜாக். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்த கூலிகளை நோய்க்குப் பயந்து முதலில் அடைத்து வைத்த தீவு அது. அங்கே நாட்களைக் கழித்த பிறகே தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். பின்னால், 1969 முதல் 1993 வரை, அதே தீவு சிறைச்சாலையாகவும் இருந்தது.

உங்கள் தாத்தா பாட்டி அந்தத் தீவில் இறங்கியவர்களாக இருக்கலாம். வீட்டில் மிஞ்சியிருக்கும் மூத்தவரைக் கேளுங்கள். தம் தாய் தந்தை எந்தக் கப்பலில் வந்தார்கள், எத்தனை நாள் அங்கே இருந்தார்கள், முதலில் எந்தத் தோட்டத்துக்குப் போனார்கள் என்பதை அவரால் சொல்ல முடியும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிந்து, ஆட்கள் பட்டணத்தில் சிதறிக் கிடக்கிறோம். வீட்டில் தொலைக்காட்சி சத்தத்தில் கேட்க முடியாத கதை, மலைமேல் தீவைக் கண்ணால் பார்த்தபடி கேட்டால் தானாக வரும். ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் எடுத்துப் போங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதட்டும்.

பிற்பகலில் மூடுபனி ஏறிவிட்டால் ஒன்றும் தெரியாது; மழையும் பிடிக்கும். மதியத்துக்குள் பார்த்து முடியுங்கள். கால் வலுவுள்ள வாலிபர்கள் வேண்டுமானால் தாவரப் பூங்கா வரை ஐந்து கிலோமீட்டர் தார்ச்சாலையில் இறங்கி வரலாம். செங்குத்து இறக்கம், கெட்டிச் செருப்பு அவசியம். மற்றவர்கள் ரயிலிலேயே இறங்கி, ஆயர் ஈத்தாம் கடைகளில் பினாங்கு ஜாதிக்காய் ஊறல் ஒரு பொட்டலம் வாங்கிக்கொள்ளுங்கள். இனிப்பும் உண்டு, புளிப்பும் உண்டு. சுவைத்துப் பார்த்துவிட்டு விலை கேளுங்கள்.