கட்டணச் சீட்டில் இல்லாத செலவு

அதிகாலை ஐந்து மணி. குளியலறைக்குச் சென்ற பாட்டி ஈரத் தரையில் வழுக்கி விழுந்தார். அவரால் எழுந்திருக்க முடியவில்லை. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, இடுப்பு மூட்டுக்கு அருகே எலும்பு முறிந்திருப்பது தெரிந்தது.

அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார் மருத்துவர். பாட்டி மறுத்துவிட்டார்.

“எண்பது வயதுக்கு மேல் எனக்கு எதற்கம்மா இவ்வளவு செலவு? இரண்டு மாதம் படுத்திருந்தால் தானாகச் சரியாகிவிடும். அந்தப் பணம் பேரனின் படிப்புக்கு ஆகும்,” என்று மகளிடம் கூறினார்.

படுத்திருந்தால் பணம் மிச்சமாகும் என்று பாட்டி நினைத்தார். உண்மை அதற்கு நேர்மாறானது. முதியவர்கள் அசையாமல் படுத்திருந்தால் நுரையீரலில் தொற்று ஏற்படலாம், காலில் இரத்தம் உறையலாம், படுக்கைப்புண் வரலாம். பிறகு அவற்றுக்கும் சிகிச்சை தேவைப்படும். அதனால்தான், ஓரிரு நாள்களுக்குள் அறுவை சிகிச்சை செய்து, நோயாளியை விரைவில் எழுந்து நிற்கவைக்க மருத்துவர்கள் முயல்கிறார்கள்.

சிங்கப்பூரில் மருத்துவச் செலவைச் சமாளிக்கும் வழிகளை மருத்துவச் சமூகப் பணியாளர் பாட்டிக்கு விளக்கினார். மானிய வார்டில் முதலில் அரசாங்கத்தின் மானியம் கழிக்கப்படும். அடுத்து, 2015ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி ஒரு பகுதியைச் செலுத்தும். மீதமுள்ள தொகைக்கு, 1984ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மெடிசேவ் சேமிப்பைப் பயன்படுத்தலாம். தாயின் சிகிச்சைக்கு மகளும் தம் மெடிசேவிலிருந்து பணம் செலுத்தலாம். அதன் பிறகும் கட்ட இயலாத குடிமக்களுக்கு உதவ, 1993ஆம் ஆண்டில் மெடிஃபண்ட் அமைக்கப்பட்டது. இவற்றைக் கேட்ட பிறகே பாட்டி சம்மதித்தார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பிறகு, சமூக மருத்துவமனையில் சில வாரங்கள் நடைப்பயிற்சி பெற்றார். கட்டணச் சீட்டைப் பார்த்த குடும்பத்தினர் நிம்மதி அடைந்தனர்.

ஆனால், அந்தச் சீட்டில் இல்லாத செலவுகளும் இருந்தன. மகள் சம்பளமில்லா விடுப்பு எடுத்தார். பாட்டிக்குத் துணையாக இருப்பதற்காகப் பேரன் காற்பந்துப் பயிற்சியைக் கைவிட்டான். தனியாகச் சந்தைக்குச் சென்று, பேரம் பேசி மீன் வாங்கிவந்த பாட்டி, மின்தூக்கி வரை நடக்கவே அஞ்சினார். இழந்த அந்தத் துணிச்சலுக்கு யாரால் விலை சொல்ல முடியும்?

பாட்டி வீடு திரும்புவதற்கு முன்பு, குளியலறைச் சுவரில் கைப்பிடிகள் பொருத்தப்பட்டன. தரையும் வழுக்காதபடி சரிசெய்யப்பட்டது. மூத்தோர் வசிக்கும் வீவக வீடுகளில் இத்தகைய வசதிகளைச் செய்துகொள்ள 2012 முதல் மானியம் கிடைக்கிறது. செலவில் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்றுக்கொள்கிறது. அதற்கான விண்ணப்பப் படிவம் பல மாதங்களாக மேசை இழுப்பறையில்தான் கிடந்தது. “இப்போது என்ன அவசரம்?” என்று வீட்டில் எல்லாருமே அதைத் தள்ளிப்போட்டிருந்தனர்.

“இதை முன்பே மாட்டியிருக்கலாம், தம்பி,” என்றார் பாட்டி, கைப்பிடியைப் பற்றியபடி.

பேரன் பதில் சொல்லவில்லை. மறுநாள் பள்ளியிலிருந்து வந்ததும், எதிர்வீட்டில் தனியாக வசிக்கும் சீனத் தாத்தாவின் கதவைத் தட்டினான். அவன் கையில் புதிய விண்ணப்பப் படிவம் ஒன்று இருந்தது.