கை நீளமான எந்திரம்

நம் ஊர்ப்பக்கம் ஒருவரைக் 'கை நீளம்' என்று சொன்னால் அது நற்சான்று ஆகாது. தையல் எந்திரத்திற்கு மட்டும் அது பெருமை. ஊசிக்கும் அதன் வலப்புறம் நிற்கும் தூணுக்கும் இடையிலுள்ள இடைவெளியே எந்திரத்தின் கை நீளம். அந்த இடைவெளிக்குள் எவ்வளவு துணியைச் சுருட்டி நுழைக்க முடியுமோ அவ்வளவுதான் அந்த எந்திரத்தின் உலகம். சட்டைக்கும் இரவிக்கைக்கும் ஏழு அங்குலம் போதும். பல அடுக்குத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வைக்குப் போதாது. அதற்கென்றே மேலைநாடுகளில் 'லாங் ஆர்ம்' எனப்படும் நீளக்கை எந்திரம் உருவாயிற்று. ரிஷிவந்தியத்தில் தையற்கடை வைத்திருக்கும் என் அக்கா, அப்படி ஒன்றை வாங்கலாமா என்று என்னைக் கேட்டார். கடந்த ஆறு மாதங்களாக, வினாத்தாள் திருத்தியது போக மிஞ்சிய மாலைகள் எல்லாம் அந்த ஒரு கேள்விக்கே செலவாயின.

தமிழ் கற்பிக்கும் ஒருத்திக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். தைத்தலுக்குப் பழந்தமிழில் துன்னம் என்று பெயர். புகார் நகரத்துத் தொழிலாளரை அடுக்கிச் சொல்லும் சிலப்பதிகாரம் துன்னகாரரையும் மறவாமல் சேர்க்கிறது. பொருநராற்றுப்படையில் கரிகாலனிடம் வந்து சேரும் பொருநனின் உடையோ வியர்வையில் நனைந்து, வேற்று நூல்கள் ஊடுருவிய ஒட்டுத்தையல் கந்தல். மன்னன் அதைக் களைந்து புத்தாடை தருகிறான். ஒட்டுத்துணி அங்கே வறுமையின் அடையாளம். களைந்து எறிய வேண்டிய ஒன்று. வங்காளத்தில் இதே பொருள் வேறு வாழ்வு பெற்றது. பழம்புடவைகளை அடுக்கித் தைத்த போர்வையை அவர்கள் காந்தா என்றார்கள். நம் 'கந்தை'க்கும் அவர்களது 'காந்தா'வுக்கும் ஒரே வடமொழி வேரைக் காட்டுவர். ஜசீமுத்தீன் 1929-இல் வெளியிட்ட 'நக்ஷி காந்தார் மாட்' என்ற நெடும்பாடலின் நாயகி, பிரிந்த கணவனோடு தான் வாழ்ந்த வாழ்வை ஒரு போர்வையில் தைத்து, அதைத் தன் கல்லறைமீது விரிக்கச் சொல்லிவிட்டு இறக்கிறாள். ஒரே சொல் இங்கே கிழிசலாக நின்றுவிட்டது, அங்கே காவியமாயிற்று.

அக்கா காவியம் எதுவும் தைக்கவில்லை. நைந்த பருத்திப் புடவைகள் நான்கைந்தை உள்ளே அடுக்கி, நல்ல நிலையிலுள்ள இரண்டை மேலும் கீழுமாக வைத்து, நான்கு விரற்கடைக்கு ஒரு கோடாக நெடுகத் தைப்பார். கல்வராயன் மலையடிவாரத்தில் மார்கழிப் பனிக்கு அது போதும். கம்பளியைப் போலக் குத்தாது. துவைக்கத் துவைக்க மென்மை கூடும். முதலில் அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். பிறகு புதுச்சேரிக் கடை ஒன்றிலிருந்து ஆர்டர் வந்தது. இறந்துபோன தாயின் புடவைகளைக் கொண்டுவந்து, "இதைப் போர்வையாக்கித் தர முடியுமா" என்று கேட்பவர்களும் வரத் தொடங்கினார்கள். கணவரை இழந்தபின் இரவிக்கை தைத்துப் பிள்ளைகளை வளர்த்தவருக்கு ஐம்பதாம் வயதில் வந்த புது வாழ்வு இது.

வந்த வாழ்வுக்குத் தோள்தான் தடையாக இருந்தது. அக்காவிடம் இருப்பது காலால் மிதிக்கும் பழைய கறுப்பு எந்திரம். தொண்ணூறு அங்குல அகலப் போர்வையின் நடுக்கோட்டைத் தைக்கும்போது பாதிப் போர்வை, அதாவது நாற்பத்தைந்து அங்குலம், சுருண்டு அந்த ஏழு அங்குல வாய்க்குள் கிடக்க வேண்டும். மறுபாதி இடப்பக்கம் தொங்கித் துணியைத் தன்பக்கம் இழுக்கும். அந்தப் பாரத்தை இடக்கையால் தாங்கிக்கொண்டே வலக்கையால் துணியைத் திருப்ப வேண்டும். இரண்டு போர்வை முடித்தால் மூன்று நாள் கை தூக்க முடிவதில்லை. மருத்துவர் ஓய்வெடுக்கச் சொல்கிறார். ஓய்வுக்கு யார் கூலி கொடுப்பது என்று அக்கா கேட்கிறார்.

நகரத்திலிருந்து வந்த கலை ஆர்வலர் ஒருவர், எந்திரமே வேண்டாம், கையால் தைத்தால்தான் அதற்கு ஆன்மா இருக்கும் என்றார். கைத்தையலின் மாட்சியை நான் மறுக்கவில்லை. வட கன்னட மாவட்டத்துச் சித்தி இனப் பெண்கள் பழந்துணிகளைக் கையாலேயே விளிம்பிலிருந்து நடுநோக்கித் தைத்துவரும் போர்வைகள் உலக அரங்குகளில் பேசப்படுகின்றன. நான்கு மூலைகளிலும் 'பூல்' என்னும் முக்கோண மடிப்புப் பூக்களை வைக்காவிட்டால் அந்தப் போர்வை அம்மணமாக இருப்பதாக அவர்கள் கருதுவார்களாம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரின் கறுப்பினப் பெண்கள் தைத்தவை 2002-இல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தின் சுவர்களில் ஏறின. இவற்றையெல்லாம் நான் எடுத்துச் சொன்னபோது அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எல்லாம் சரிதாண்டி. அழகுன்னு சொல்றவங்களுக்குத் தோள் வலிக்காது."

காந்தியடிகளும் இவ்விடத்தில் அக்கா பக்கமே நிற்கிறார். எந்திரங்களின் மீது அவருக்கிருந்த ஐயம் நாமறிந்ததே. ஆயினும் 1924-இல், பிற்காலத்தில் காந்திகிராமத்தை நிறுவிய ஜி.ராமச்சந்திரன் இளைஞராக அவரைக் கேள்வி கேட்டபோது, சிங்கரின் தையல் எந்திரத்தை அவர் விதிவிலக்காக ஏற்றுக்கொண்டார். மனைவி கையால் தைத்துத் துன்புறுவதைக் கண்ட கணவனின் அன்பில் பிறந்தது அது என்பது அவர் சொன்ன காரணம். வரலாற்றுச் சிங்கர் அவ்வளவு உத்தமக் கணவர் அல்லர். ஒரே காலத்தில் பல குடும்பங்களை நடத்தியவர். ஆயினும் காந்தி வகுத்த அளவுகோலில் பிழையில்லை. மனிதனின் உறுப்பை முடமாக்காமல் அதன் துன்பத்தைக் குறைப்பதா என்பதே அவரது கேள்வி. அதே கேள்வியோடுதான் நானும் நீளக்கை எந்திரத்தைப் பார்க்கத் தொடங்கினேன்.

சாதாரண எந்திரத்தில் ஊசி ஓரிடத்தில் நிற்க, துணி நகர்கிறது. நீளக்கை எந்திரம் இதைத் தலைகீழாக்கியது. துணி ஒரு நீண்ட சட்டத்தின் உருளைகளில் விறைப்பாகக் கட்டப்பட்டு அசையாமல் இருக்கும். எந்திரத்தின் தலை தண்டவாளத்தில் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஓடும். தைப்பவர் நின்றுகொண்டு கைப்பிடிகளைப் பற்றி, காகிதத்தில் பேனாவை ஓட்டுவதுபோல் ஓட்டுகிறார். கோடும் வரும், கொடியும் வரும், மயிலும் வரும். சக்கரங்களில் உள்ள உணர்கருவி கை போகும் வேகத்தை அளந்து அதற்கேற்ப ஊசியை ஓட்டுவதால் தையல் ஒன்றுபோல் விழுகிறது. கையின் நீளம் பதினாறு அங்குலத்திலிருந்து முப்பது வரை கிடைக்கிறது. தோளுக்குச் சுமை ஏதுமில்லை. அக்கா கைப்பேசியில் அந்தக் காணொளியை நான்கு முறை பார்த்தார். நானும் மயங்கினேன்.

மயக்கம் தெளிந்து கணக்குப் பார்த்தோம். தொண்ணூறு அங்குலப் போர்வைக்குப் பத்தடிச் சட்டம் வேண்டும். அதைச் சுற்றி ஆள் நடக்க இடம் வேண்டும். அக்காவின் கடை பத்துக்குப் பன்னிரண்டு. அமெரிக்கச் சந்தைக்கென்று செய்யப்பட்டவை 110 அல்லது 120 வோல்ட்டில் ஓடுபவை. நம் வீட்டு மின்சாரம் 230. ஊசியும் நூற்கண்டுப் பெட்டியும் நம் கடைத்தெருவில் கிடைக்கும் அளவுகள் அல்ல. விலை சில ஆயிரம் டாலரில் தொடங்கிப் பல்லாயிரம் வரை ஏறுகிறது. கப்பற்கூலியும் சுங்கமும் தனி. எல்லாவற்றையும் விட அக்கா கேட்ட ஒரு கேள்விதான் என்னை நிறுத்தியது: "ரிப்பேர் ஆனா யாரு வருவாங்க?" மகளிர் குழுக் கடனுக்கு மாதந்தோறும் தவணை உண்டு. எந்திரம் நின்றாலும் தவணை நிற்காது.

எனவே கேள்வியை மாற்றிக்கொண்டோம். எந்த எந்திரம் சிறந்தது என்பதை விட்டுவிட்டு, அக்காவின் தையலுக்கு எது தேவை என்று கேட்டுப் பார்த்தோம். அவர் தைப்பவை நேர்கோடுகள். மயிலும் கொடியும் அவரிடம் யாரும் கேட்கவில்லை, கோடுகளுக்காகத்தான் வருகிறார்கள். நேர்கோட்டுக்குத் தண்டவாளம் வேண்டியதில்லை. ஆறேழு அடுக்கும் ஒன்றையொன்று வழுக்காமல் சேர்ந்து நகர வேண்டும். பை தைப்பவர்களும் வண்டி இருக்கை உறை தைப்பவர்களும் வைத்திருக்கும் கனரக எந்திரம் இதற்கென்றே ஆனது. அதில் கீழேயுள்ள பற்கள் மட்டுமன்றி மேலேயுள்ள பாதமும் அடியெடுத்து வைத்துத் துணியை நடத்திச் செல்கிறது. கை பத்து அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல். சர்வோ மோட்டார் பொருத்தினால் இரைச்சலும் மின்செலவும் குறையும். வேகத்தையும் நம் விருப்பப்படி அடக்கிக்கொள்ளலாம். இருக்கை உறைக் கடை உள்ள ஊரிலெல்லாம் அதைப் பழுதுபார்ப்பவரும் இருப்பார். கள்ளக்குறிச்சியில் அப்படி இருவரை அக்காவே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்.

பத்து அங்குலம் மட்டும் போதுமா? போதாதுதான். மீதியை அக்காவின் அனுபவம் தீர்த்து வைத்தது. தொண்ணூறு அங்குலப் போர்வையை முப்பது முப்பதாக மூன்று பட்டைகளாகத் தனித்தனியே அடுக்கித் தைத்துவிட்டுப் பின்பு இணைப்பது என்று முடிவு செய்தார். அப்போது எந்தக் கோட்டைத் தைத்தாலும் கைக்குள் சுருண்டு கிடப்பது பதினைந்து அங்குலத்தைத் தாண்டாது. நாற்பத்தைந்து மூன்றில் ஒன்றாகிவிட்டது. இணைப்பு வெளியே தெரியுமே என்றேன். அக்கா சிரித்துக்கொண்டே ஒரு பழம்புடவையின் கரையைக் கிழித்து இணைப்பின்மேல் வைத்துக் காட்டினார். உடல் நைந்துபோனாலும் கரை நைவதில்லை. மறைக்க வேண்டிய இடமே போர்வையின் அழகான இடமாகிவிட்டது.

அந்தக் கனரக எந்திரத்தையே வாங்குவதாக முடிவாகிவிட்டது. சென்ற வாரம் முன்பணமும் கொடுத்தாயிற்று. நீளக்கையை அக்கா கைவிட்டுவிடவில்லை. சென்னையில் 2019 ஜனவரியில் போர்வைத் தையலுக்கென்றே ஒரு திருவிழா நடந்தது. இக்கலைக்கு இங்கும் ஆள் சேர்கிறார்கள் என்பதற்கு அது சான்று. ஆர்டர் பெருகி, குழுப் பெண்கள் நால்வர் சேர்ந்து ஒரு கூடம் வாடகைக்கு எடுத்து, பழுதுபார்ப்பவரும் எட்டும் தொலைவில் கிடைக்கும் நாளில் அதை வாங்கலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.

முதல் எந்திரம் தேடும் அன்பர்கள் யாரேனும் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு சொல். விலைப்பட்டியலைத் திறக்குமுன் ஓர் அங்குல நாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். தைக்கப்போகும் துணியை அளந்து பாருங்கள். அறையை அளந்து பாருங்கள். பழுதுபார்ப்பவர் வீட்டுக்கு எத்தனை மைல் என்பதையும் அளந்துவிடுங்கள். கடைசியாக, தைக்கப்போகும் தோளையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். எந்திரத்தின் கை எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும் என்று அந்தத் தோள் சொல்லும்.