மூன்றாவது வாரத்து முகம்

எங்கள் ஊர் வீடுகளில் போட்டோ எடுப்பதற்கென்று நாட்கள் உண்டு. காதுகுத்து, கல்யாணம், கிரகப்பிரவேசம். ஆல்பத்தில் ஒட்டாமல் பீரோவுக்குள் வைத்திருக்கும் படமும் ஒன்று உண்டு. இறந்தவரை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, மாலை போட்டு, குடும்பம் சுற்றி நிற்க, ஸ்டூடியோக்காரரைக் கூப்பிட்டு எடுத்தது. உயிரோடிருந்தபோது ஒரு படமும் எடுத்துக்கொள்ளாத எத்தனையோ பாட்டிகளுக்கு அதுதான் முதல் படம்.

அப்பாவுக்கு நிணநீர்ப் புற்றுநோய் என்று உறுதியாகி, சென்னையில் ஒரு போர்ஷன் பிடித்துத் தங்கியிருந்தோம். கட்டில் பக்கம் காமிராவைத் திருப்பியதும் அம்மா லென்ஸைக் கையால் பொத்தினாள். "இப்ப எதுக்குடி அவரப் படம் எடுக்கற?" மாலை போட்டு மாட்டுவதற்கு ஒரு படம் தேடுகிறேன் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு அப்பாவை எடுக்கவில்லை. மெல்லக் கேட்டு, அம்மாவை எடுக்கத் தொடங்கினேன்.

நோயாளிக்கு டாக்டர் உண்டு, ரத்தப் பரிசோதனை உண்டு. தேறுகிறாரா இல்லையா என்பதைத் தாளில் பார்த்துவிடலாம். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவள் தேறுகிறாளா என்று யார் பார்ப்பது? அடையாறு புற்றுநோய் மருத்துவமனையே அப்படிப் பக்கத்திலிருந்து பார்த்தவரின் துயரத்தில் முளைத்ததுதான். தங்கை புற்றுநோயில் இறந்ததைக் கண்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பல வருட முயற்சியால் அது 1954இல் தொடங்கியது.

அப்பாவுக்கு 21 நாளுக்கு ஒரு முறை மருந்து ஏற்ற வேண்டும், மொத்தம் 6 சுற்று. அதில் ஒரு மருந்து சிவப்பு. ஏற்றிய பிறகு சிறுநீரும் சிவந்து போகும். நர்ஸ் முன்பே சொல்லியிருந்தும் முதல் முறை அம்மா அதை ரத்தமென்று நினைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டாவது வாரம் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும். விருந்தாளி கூடாது, பச்சையாக எதுவும் கூடாது. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தெர்மாமீட்டரை அம்மா இடுப்பில் செருகியே வைத்திருந்தாள். மூன்றாவது வாரம் அணுக்கள் ஏறும். அப்பா ரசம் கேட்பார்.

ஒரு ராத்திரி படங்களைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தேன். அம்மாவின் முகமும் அதே 21 நாள் கணக்கில் ஏறி இறங்கியிருந்தது. முதல் இரண்டு வாரப் படங்களில் எல்லாம் கண் கட்டில் மேலேயே இருக்கிறது; பின்னல் அவிழ்ந்து கிடக்கிறது. மூன்றாவது வாரத்தில் தலை வாரியிருக்கிறாள், பக்கத்துப் போர்ஷன் அம்மாளிடம் கீரை விலை பேசுகிறாள். அடுத்த சுற்றில் மறுபடி சரிவு. ஆனால் சுற்றுக்குச் சுற்று அவள் சீக்கிரமாக எழுந்திருக்கிறாள். நான்காவது சுற்றில், இரண்டாவது வாரத்திலேயே, "கஞ்சிய முழுசாக் குடிங்க, சாக்கு சொல்லாதீங்க" என்று அப்பாவை அதட்டுகிற படம் ஒன்று இருக்கிறது. அதுவரை அவரிடம் கண்ணாடிச் சாமானைக் கையாளுவதுபோலத்தான் பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த அதட்டல்தான் முதல் நல்ல செய்தி. ஸ்கேன் அதற்கப்புறம் வந்தது.

புகைப்படக் கலைஞர் ரிச்சர்ட் அவெடன் 1969 முதல் 1973 வரை நோயுற்ற தன் அப்பாவை எடுத்த படங்கள் 1974இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. வெள்ளைப் பின்னணியில் அந்த முதியவர் படத்துக்குப் படம் ஒடுங்கிக்கொண்டே போகிறார். பெரிய கலை என்பதில் சந்தேகமில்லை. அந்த வழியில் போக எனக்கு மனம் வரவில்லை; மனிதரை வீட்டிலிருந்து பிரித்து எடுத்தபின் மிஞ்சுவது நோய்தான் என்று தோன்றியது. இன்னொரு புகைப்படக் கலைஞர் நான்சி போரோவிக், தன் தாய் தந்தை இருவருக்கும் ஒரே காலத்தில் புற்றுநோய் வந்தபோது எடுத்த படங்கள் 2017இல் புத்தகமாயின. அடுத்தடுத்த நாற்காலிகளில் உட்கார்ந்து இருவரும் மருந்து ஏற்றிக்கொள்கிற படம் அதில் உண்டு. நோயோடு ஒரு தாம்பத்தியமும் அங்கே தெரிகிறது.

நானும் அறையைச் சேர்த்தே எடுத்தேன். மாத்திரை டப்பா, ஜன்னல் கம்பியில் காயும் துண்டு, ஓரமாக மிக்ஸி. ஃபிளாஷ் போடவில்லை, ஷட்டர் சத்தத்தை அணைத்துவிட்டேன். அழுகையை எடுப்பது சுலபம். அது தானாக முகத்துக்கு வந்து நிற்கும். தேறுவதற்கு அப்படி ஒரு கணம் கிடையாது. பல படங்களை வரிசையாக வைத்தால்தான் அது கண்ணில் படும். அதனால் சாதாரணப் படங்களைத்தான் அதிகம் எடுத்தேன். ஞாயிறுதோறும் அம்மாவிடம் காட்டுவேன். அவள் வேண்டாமென்றதை அங்கேயே அழித்துவிடுவேன். அழுகிற படங்கள் பெரும்பாலும் அப்படிப் போயின. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற படத்தை மட்டும், "இருக்கட்டும், நான் எங்கேர்ந்து வந்தேன்னு தெரியணுமில்ல" என்று வைத்துக்கொண்டாள்.

சிகிச்சை முடிந்துவிட்டது. 3 மாதத்துக்கு ஒரு தடவை அப்பாவைப் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறோம். முந்தின நாளே அம்மாவின் முகம் இறுகத் தொடங்கும். ஃபைலில் தாள்களை எடுத்து எடுத்து மறுபடி அடுக்குவாள். அதையும் எடுக்கிறேன். இப்போது, "நெத்திப் பொட்டு சரியா இருக்கா பாரு" என்று கேட்டுவிட்டு உட்காருகிறாள்.