ஒன்பது சரக்கு, ஒரு கஷாயம்: அரும்பாக்கத்தில் தெரியும் சூட்சுமம்

ஆவடியை அடுத்த வெள்ளானூரில் மழைக்காலம் வந்தால் காய்ச்சலும் சேர்ந்தே வரும். உடனே பல வீடுகளில் நிலவேம்புக் குடிநீர் கொதிக்கும். குழந்தைகள் முகத்தைச் சுளிக்க, பாட்டிமார் விடாமல் ஊட்டுவார்கள்.

அந்தக் கசப்புக்குள் என்னதான் இருக்கிறது? விடை தேட வெகுதூரம் போக வேண்டாம். அம்பத்தூர், பாடி, அண்ணாநகர் தாண்டினால் அண்ணா வளைவு. பக்கத்திலேயே அரும்பாக்கம் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை வளாகம். சித்தா, யுனானி, இயற்கை மருத்துவக் கல்லூரிகள் எல்லாம் ஒரே இடத்தில். மத்திய அரசின் சித்த மருத்துவ ஆராய்ச்சி நிலையமும் இங்கேதான்.

நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், பற்படாகம், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு என 9 சரக்குகள். எதில் எந்த வேதிப்பொருள் என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. சிலிக்கா பூசிய தகட்டின் அடியில் கஷாயச் சாற்றைப் பொட்டு வைத்து, கரைப்பானில் நிறுத்துவார்கள். கரைப்பான் மேலே ஏற ஏற, ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு உயரத்தில் நின்றுவிடும். புற ஊதா ஒளியில் பார்த்தால் வரிவரியாகத் தெரியும். கைரேகை மாதிரிதான்!

நிலவேம்பின் கசப்புக்குக் காரணம் ஆண்ட்ரோகிராஃபோலைட். 1911-லேயே பிரித்தெடுக்கப்பட்டது. உடலில் வீக்கத்தைத் தூண்டும் சில புரதங்களை இது அடக்குவது ஆய்வகச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. இஞ்சி காய்ந்து சுக்காகும்போது அதிலுள்ள ஜிஞ்சரால், நீரை இழந்து ஷோகவோலாக மாறும். இதற்கும் வீக்கம் குறைக்கும் குணம் உண்டு. மிளகின் பைப்பரின், மற்ற சில பொருள்கள் சீக்கிரம் வெளியேறிவிடாமல் தடுக்கும். 1998-ல் பெங்களூரில் நடந்த ஆய்வில், மஞ்சளின் குர்குமினோடு பைப்பரினைக் கொடுத்தபோது, ரத்தத்தில் குர்குமின் பல மடங்கு கூடியது. ஆக, ஒரு சரக்கை மட்டும் பார்த்துக் கூட்டு மருந்தை எடைபோட முடியாது.

ஆனால், ஆய்வகத் தட்டில் அடங்கும் வீக்கம் மனித உடலிலும் அப்படியே அடங்கும் என்று சொல்லிவிட முடியாது. அதற்கு நோயாளிகளிடம் முறையான சோதனை வேண்டும்.

இந்தச் சோதனைகளால் இன்னொரு நன்மையும் உண்டு. மூலிகை என்ற பெயரில் விற்கும் மூட்டுவலிப் பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. ஒரே நாளில் வலி பறந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்பட வேண்டும். சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். திடீரென நிறுத்தினாலும் ஆபத்து.

எனவே உற்பத்தி உரிம எண், சரக்குகளின் பட்டியல், காலாவதித் தேதி மூன்றும் இல்லாத பொட்டலத்தை வாங்காதீர்கள். கர்ப்பிணிகளும், சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்டே கஷாயம் குடிக்க வேண்டும். காய்ச்சல் நீடித்தால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

பாட்டியின் கைப்பக்குவத்தை நம்பலாம். பொட்டலத்தை மட்டும் படித்துப் பார்த்து நம்புங்கள்!