பெரிய சர்வர்

"இன்டெக்ஸ் போட்டாச்சு, இனி தேடல் மின்னல் மாதிரி" என்று சொல்லிக் கூலி வாங்கியவன் நான். அந்த இன்டெக்ஸ் வெகுநாள் வேலையே செய்யவில்லை.

குமரிக் கடற்கரையில் ஒரு மீன் ஏலக் கணக்குக்கான மென்பொருள் அது. படகு கரை சேர்ந்ததும் ஒரு பதிவு. ஒரே படகில் கணவாய், நவரை, வாளை என்று பல இனம் வருமென்பதால், மீன் பெயர்களை ஒரே கட்டத்தில் அரேயாக வைத்தேன். 'கணவாய் வந்த படகுகள் எவை?' வியாபாரிகளின் போன்கள் ஓயாமல் கேட்கும் கேள்வி இதுதான். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இதற்கென்றே ஜின் இன்டெக்ஸ் உண்டு. ஓலெக் பர்துனோவும் தியோடர் சிகாயெவும் எழுதியது, 2006இல் 8.2 பதிப்போடு வந்தது. புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு மாதிரி, எந்த மீன் எந்தெந்தப் பதிவில் என்று பட்டியல் வைத்திருக்கும்.

அதைப் போட்டுவிட்டு, கேள்வியை 'கணவாய் = எனி(மீன்கள்)' என்று எழுதினேன். விடை சரியாகவே வரும். ஆனால் அந்த இன்டெக்ஸ் திரும்பிக்கூடப் பார்க்காது. அரேக்கான ஜின் இன்டெக்ஸுக்கு இயல்பாகத் தெரிந்த குறிகள் நான்கு: இவை எல்லாம் இதில் உண்டா என்று கேட்கும் @>, இது அதற்குள் அடங்குமா என்று கேட்கும் <@, பொதுவாக ஏதேனும் உண்டா என்று கேட்கும் &&, இரண்டு அரேயும் ஒன்றேதானா என்று கேட்கும் =. எனியோடு வரும் சமக்குறியும் பார்வைக்கு இதே குறிதான். ஆனால் அது ஒரு பெயரை இன்னொரு பெயரோடு ஒப்பிடுகிறது, அரேயை அரேயோடு அல்ல. ஆகவே போஸ்ட்கிரெஸ் முழு டேபிளையும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து படித்தது. கேள்விக்கு முன்னால் எக்ஸ்பிளெய்ன் என்று போட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். போடவில்லை. பதிவுகள் குறைவாக இருந்தபோது எப்படி எழுதினாலும் சட்டென்று வந்தது. என் திறமை என்று நினைத்துக்கொண்டேன்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு மீன்பிடித் தடைக்காலம். கிழக்கே சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்கே முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. பழைய ஆண்டுகளின் பதிவுகளையும் ஏற்றிய பிறகு வந்த ஆகஸ்டில், மேற்குக்கரை விசைப்படகுகள் கணவாயோடு திரும்ப, திரை நின்றது. கணக்கெழுதும் பெரியவர் கூப்பிட்டார்: "மக்களே, ஒனக்க சாமானம் கறங்கிட்டே கெடக்கு. யாவாரி நிக்கான்."

"சர்வர் சின்னது அண்ணாச்சி" என்றேன். கடலோரத்தில் டவர் சரியில்லை என்றும் சேர்த்துக்கொண்டேன். இரண்டையும் அவரால் சரிபார்க்க முடியாது, அதனால்தான் சொன்னேன். மாத வாடகை கூடிய பெரிய சர்வருக்கு மாறினார்கள். கொஞ்சம் வேகம் கூடியது.

என் இன்டெக்ஸ் உதவாதது மட்டுமில்லை, இடைஞ்சலும் செய்தது. ஒரு பதிவு ஏறும்போது அதிலுள்ள ஒவ்வொரு மீனுக்கும் ஜின் தனித்தனியாகக் குறித்தாக வேண்டும். சுமையைத் தள்ளிப்போட முதலில் ஒரு காத்திருப்புப் பட்டியலில் போட்டு வைக்கும். அது 4 எம்பியைத் தாண்டினால், அப்போது பதிவு செய்ய வந்தவர் தலையில் மொத்த வேலையும் விழும். கூட்டம் நெரியும் ஏல நேரத்தில்தான் அதற்கு வாய்ப்பு அதிகம்.

வேறொருவர் எழுதிய கேள்வியில் @> இருப்பதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. என் கேள்வியையும் அப்படியே மாற்றினேன், யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் பெரியவர், "பெரிய சர்வர் எடுத்தது நல்லதாப் போச்சு மக்களே" என்றார். ஆமாம் என்றேன்.

எனி என்று எழுதியது தெரியாமல். இந்த 'ஆமாம்' தெரிந்தே. பழைய சர்வரே அவர்களுக்குப் போதும். கூடுதலாகக் கட்டிய வாடகை நான் திருப்பித் தர வேண்டிய பணம். இன்னும் தரவில்லை.