நின்ற இடம் அறிதல்

சென்னை மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெருவில், பழைய கணினிகளைப் பழுது பார்ப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்டவர்களின் வேலையை அருகிருந்து காணவேண்டும் என்று நெடுநாளாக எனக்கிருந்த ஆவல், மாடிப்படியை ஒட்டிய ஒரு சிறு கடையில் நிறைவேறியது. புதிய விண்டோஸின் பாரத்தைத் தாங்காதென்று ஒதுக்கப்பட்ட யந்திரங்களில் லினக்ஸை ஏற்றி, மாணவர்களுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் சகாய விலையில் தருவது அவர்கள் தொழில். ஆயினும், ஏற்றுவதைக் காட்டிலும், 'பூட்' ஆகாமல் நின்றுபோன யந்திரத்தை எழுப்புவதிலேதான் அவர்களுடைய சாமர்த்தியம் முழுவதும் வெளிப்படுகிறது என்பது என் அபிப்பிராயம்.

விசையை அழுத்தியதும் பயாஸ் தன் சோதனைகளை முடித்து, டிஸ்க்கின் முதல் 512 பைட்டுகளைப் படித்து, அங்கிருக்கும் கிரப் என்னும் பூட்லோடரின் சிறு துண்டிடம் பொறுப்பை ஒப்படைக்க, அது தன் எஞ்சிய பகுதியை வரவழைத்து லினக்ஸின் மையமான கெர்னலை ரேமில் ஏற்ற, கெர்னல் மற்றவற்றை எல்லாம் எழுப்புகிறது. கைமாறிச் செல்லும் இந்தக் கிரமத்தில் காரியம் எந்தக் கையில் நின்றது என்று அறியாமல் உதிரிப் பாகங்களை மாற்றுவது வீண் பிரயாசை. திரை ஒளிராமல் 'பீப்' ஒலி மட்டும் எழுந்தால், உதவியாளன் ரேமைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டுத் திரும்பப் பொருத்துகிறான். தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருந்தால் 3 வோல்ட் சீமாஸ் பாட்டரியை மாற்றுகிறான்.

நான் சென்ற வேளையில் மேஜைமேல் இருந்த யந்திரமோ சற்று விசித்திரமானது. பழைய மதர்போர்டில் பெரிய டிஸ்க்கைப் பொருத்தி மாதக்கணக்கில் ஓடியது, ஓர் அப்டேட்டுக்குப் பின், டிஸ்க்குக்கு வெளியே படிக்க முயன்றதாக ஒரு வரி காட்டி நின்றுவிட்டது.

"அண்ணே, டிஸ்க் போயிடுச்சா?"

"போயிருந்தா, பென்டிரைவ்ல பூட் பண்ணினப்போ எல்லா ஃபைலும் எப்படிடா தெரிஞ்சுது? மெனுவுல பழைய கெர்னலை எடுத்துப் பாரு."

பழைய கெர்னலில் யந்திரம் தடையின்றி எழுந்தது. அந்தக் காலத்துப் பயாஸ் டிஸ்க்கின் இடங்களை 28 பிட் எண்ணால் குறிப்பதால் 137 ஜி.பி.க்கு அப்பால் அதற்கு எட்டாது. கிரப்போ பயாஸின் துணைகொண்டே படிக்கிறது. பழைய கெர்னல் அந்த எல்லைக்குள் இருந்தது. அப்டேட் கொணர்ந்த புதியது எல்லைக்கு அப்பால் எழுதப்பட்டுவிட்டது. எழுந்துவிட்ட லினக்ஸ் தன் சொந்த டிரைவராலேயே டிஸ்க்கைப் படிப்பதால் அதற்கு இந்தத் தடை இல்லை. இவ்வளவையும் பென்டிரைவிலும் பழைய கெர்னலிலும் எழுப்பிப் பார்த்தே நிச்சயித்த கடைக்காரரின் நிதானத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

டிஸ்க்கின் தலைப்பகுதியில் சிறிய 'பூட் பார்ட்டிஷன்' ஒன்றை ஒதுக்கி, கெர்னல்களை அங்கே மாற்றி, கிரப்பை மீண்டும் நிறுவினார்கள். பிறகு அவர், முதல் பார்ட்டிஷனை அழிக்கக்கூடாது என்றும் அதன் காரணத்தையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, நாளை வேறு எவர் திறந்தாலும் கண்ணில் படும்படி கேபினெட் மூடியின் உட்புறம் ஒட்டி, திருகுகளை முடுக்கி, உரியவருக்குப் போன் செய்யுமாறு பையனிடம் சொன்னார்.