அடாது மழை பெய்தாலும்...

"அடாது மழை பெய்தாலும் விடாது நாடகம் நடத்தப்படும்" என்று நாடகக் கம்பெனிக்காரர்கள் நோட்டீஸ் அச்சடித்துத் தெருத் தெருவாக விநியோகித்த காலம் ஒன்று இருந்தது. "நனைகிறவர்கள் ஜனங்கள்தானே? கொட்டகைக்குள் நிற்கிற ராஜபார்ட்டுக்கு என்ன கஷ்டம்!" என்று என் பாட்டி வேடிக்கையாகச் சொல்வாள். நான் இங்கே சொல்லப் போகிற சமாசாரத்தில் வேஷம் கட்டியவளும் நான்தான், நனைந்தவளும் நான்தான்.

'ட்ரையத்லான்' என்று ஒரு பந்தயம் இருக்கிறது. முதலில் நீந்த வேண்டும். கரையேறியதும் சைக்கிள் விட வேண்டும். சைக்கிளை விட்டு இறங்கியதும் ஓட வேண்டும். நடுவில் சற்றுத் தூங்கி எழுந்து, மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக் கொள்ளலாம் என்று ஒத்திப் போடுகிற சௌகரியமெல்லாம் கிடையாது. இந்தக் குடும்பத்தில் மூத்த அண்ணன் 'அயர்ன்மேன்' என்னும் நெடுந்தூரப் பந்தயம். நீச்சல் 2.4 மைல், சைக்கிள் 112 மைல், ஓட்டம் 26.2 மைல். சைக்கிள் தூரம் மட்டுமே, சென்னையில் ஏறி உட்கார்ந்தால் விழுப்புரத்தைத் தாண்டிக் கொண்டு போய்விடும். காலை 7 மணிக்குத் தண்ணீரில் இறங்குகிறவர்கள் நள்ளிரவு 12 மணிக்குள், அதாவது 17 மணி நேரத்துக்குள், எல்லையைத் தொட்டுவிட வேண்டும்.

இதை ஆரம்பித்து வைத்தவர்கள் ஒரு தம்பதி. ஹவாய்த் தீவில் வசித்த ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரியும் அவர் மனைவி ஜூடியும், அங்கே தனித்தனியாக நடந்து வந்த மூன்று பந்தயங்களை ஒரே நாளில் கோத்து 1978-ஆம் வருஷம் நடத்தினார்கள். இறங்கியவர்கள் 15 பேர். முடித்தவர்கள் 12 பேர். மறு வருஷம் புயலும் மழையுமாக இருந்ததால் பந்தயத்தை ஒரு நாள் தள்ளிப் போட்டார்கள். அந்த 1979-ஆம் வருஷப் பந்தயத்தில்தான் லின் லமேர் என்ற பெண் தன்னந்தனியாக ஆண்களுக்கு நடுவில் இறங்கி, 12 மணி 55 நிமிஷத்தில் முடித்துக் காட்டினாள். ஆக, இந்தப் பந்தயத்துக்கு மழையோடும் பெண்களோடும் ஆதி நாளிலிருந்தே உறவு உண்டு.

சரி, இரண்டு குழந்தைகளுக்குத் தாயாராகிய எனக்கு இந்த வம்பு எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் உறவினர்களும் அதைத்தான் கேட்டார்கள். என் தாயார் சர்க்கரை வியாதியில் ஒரு காலை இழந்து, 54-வது வயதில் காலமானாள். எனக்கு 38 வயது ஆனபோது, நாங்கள் குடியிருந்த நியூ ஜெர்ஸியில் ஒரு டாக்டரம்மா என் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "நீ இப்போது வாசற்படியில் நிற்கிறாய். உள்ளே போவதும் திரும்பி நடப்பதும் உன் கையில்தான் இருக்கிறது" என்றாள். நான் திரும்பி நடந்தேன். நடை ஓட்டமாயிற்று. பிறகு சைக்கிள் வந்தது. 40 வயதில் என் சின்ன மகளோடு சேர்ந்து நீச்சல் வகுப்பில் உட்கார்ந்து, குளத்தின் ஓரத்தைப் பிடித்துக் கொண்டு காலை உதைத்தேன். 43 வயதில் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தேன்.

அதிகாலையில் நான் பயிற்சிக்குக் கிளம்பினால் வீட்டைப் பார்க்க ஆள் வேண்டுமே! என் மாமியார் கும்பகோணத்திலிருந்து விமானம் ஏறி வந்தார். "மருமகள் ஊர் சுற்ற மாமியார் சமைக்கிறதா?" என்று யாரோ அவரிடமே கேட்டிருக்கிறார்கள். "அவ சுத்துறது ஊரை இல்லை, எமனை" என்றாராம் அத்தை. அதற்குப் பிறகு ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

* * *

நான் கலந்து கொண்டது 2008-ஆம் வருஷம் ஜூலை 20-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, லேக் பிளாஸிட் என்ற ஊரில். நியூயார்க் ராஜ்யத்தின் வட கோடியில், அடிரான்டாக் மலைகளுக்கு நடுவே இருக்கும் சின்னஞ்சிறு ஊர் அது. ஊர்தான் சிறியதே தவிர பேர் பெரிது. 1932-லும் 1980-லும் இரண்டு தடவை குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்கள் அங்கே நடந்திருக்கின்றன. பனிச் சறுக்கலுக்காகக் கட்டிய இரண்டு பிரம்மாண்டமான கோபுரங்கள் ஊருக்கு வெளியே நிற்கின்றன. ஊருக்கு நடுவில் மிரர் லேக். 'கண்ணாடி ஏரி' என்று அர்த்தம். அன்றைக்கு அந்தக் கண்ணாடியில் முகம் பார்க்க வழியில்லை. விடியும் முன்பே பிடித்துக் கொண்டது மழை.

அன்று அதிகாலை 3.30 மணிக்கே நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் சமையலறையில் பெருங்காயம் மணத்தது. அத்தை மிளகு ரசம் வைத்துக் கொண்டிருந்தார். பந்தயக்காரர்கள் ஒவ்வொருவரும் தங்களுக்கு வேண்டியதை ஒரு பையில் போட்டு முன்கூட்டியே கொடுத்துவிடலாம். ஓட்டத்தில் பாதி வழி வந்ததும் எடுத்துக் கொள்ளலாம். மற்றவர்கள் சாக்லேட்டும் பிஸ்கோத்தும் வைப்பார்கள். அத்தை என் பையில் ஒரு ஜோடி உலர்ந்த காலுறையையும், எவர்சில்வர் பிளாஸ்க் ஒன்றையும் வைத்துக் கட்டினார்.

"ராத்திரி வரைக்கும் இது சூடா இருக்குமா அத்தை?" என்றேன்.

"நீ ராத்திரி வரைக்கும் இருக்கியான்னு பாரு. ரசத்தை நான் பாத்துக்கறேன்" என்றார்.

இரண்டாயிரம் பேருக்கு மேல் ஒரே சமயத்தில் ஏரியில் நீந்தப் புறப்பட்டோம். வேடிக்கை என்னவென்றால், அன்று முழுவதிலும் எனக்கு இதமாக இருந்த இடம் அந்த ஏரி ஒன்றுதான். மேலே கொட்டுகிற மழையைவிடத் தண்ணீர் கதகதப்பாக இருந்தது. ரப்பர் உடுப்பு வேறு. முகத்தைத் திருப்பி மூச்சு வாங்கும்போதெல்லாம் மழைத் துளிகள் ஏரியின் மேல் குதித்து முத்து முத்தாகத் தெறிப்பது தெரிந்தது. நம் மேல் விழாதவரை மழை அழகுதான்!

கரையேறியதும் அந்த ரப்பர் உடுப்பைக் கழற்ற வேண்டும். ஈரத்தில் அது உடம்போடு ஒட்டிக் கொண்டு மல்லுக்கு நிற்கும். அதற்கென்றே தொண்டர்கள் நிற்கிறார்கள். நம்மைத் தரையில் படுக்கச் சொல்லி, இரண்டு பேர் காலைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுக்கிறார்கள். வாழைப்பழத்தை உரிப்பதைப் போல உரித்து, கையைப் பிடித்து எழுப்பிவிடுகிறார்கள். அதைப் பார்த்த என் மாமியாரின் முகத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை.

* * *

கஷ்டம் சைக்கிளில் ஆரம்பித்தது. 56 மைல் கொண்ட ஒரு சுற்றை இரண்டு தடவை சுற்ற வேண்டும். ஊரை விட்டுச் சற்றுத் தூரம் போனதும் கீன் என்ற சிற்றூரை நோக்கிப் பாதை மலையிலிருந்து மைல் கணக்கில் கீழே விழுகிறது. வெயில் நாளில் சைக்கிள்காரர்களுக்குக் கொண்டாட்டமான இடம். மழை நாளில் அது வேறு கதை.

சைக்கிளின் பிரேக் கட்டை சக்கரத்தின் வளையத்தைப் பற்றித்தானே அதை நிறுத்துகிறது? வளையம் நனைந்திருந்தால் கட்டை முதலில் தண்ணீரைத் துடைக்க வேண்டும்; அப்புறம்தான் பிடிக்கும். அந்த ஒன்றிரண்டு விநாடிக்குள் சைக்கிள் எவ்வளவோ தூரம் போய்விடும். ரோட்டில் போட்டிருக்கும் வெள்ளை, மஞ்சள் கோடுகள் ஈரத்தில் பாசி படிந்த குளத்துப் படிக்கட்டு மாதிரி வழுக்கும். இதற்கெல்லாம் மேலே குளிர். ஈரம் உடம்புச் சூட்டை உலர்ந்த காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வேகமாக உறிஞ்சிவிடுகிறது. அதோடு எதிர்காற்று. முதல் சுற்றில் கீன் வந்து சேர்ந்தபோது என் விரல்கள் பிரேக்கைப் பிடித்திருக்கின்றனவா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்து கொண்டேன்.

இரண்டாவது சுற்றில் அதே இறக்கம். முன்னால் போய்க் கொண்டிருந்த ஒரு பெண் ஓரமாக நிறுத்தி இறங்கினாள். சைக்கிளே ஆடும்படி அவளுக்கு நடுக்கம். தொண்டர்கள் கம்பளியைப் போர்த்தி அவளை வண்டியில் ஏற்றினார்கள். அதற்குள்ளே வெளிச்சமும் வெப்பமும் இருந்தன. "எனக்கும் இடம் இருக்கிறதா?" என்று கேட்க வாய் எடுத்தேன். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே எடுத்தேன்.

அங்கே இருந்த நர்ஸ் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "உனக்கு நடுக்கம் இருக்கிறதா?" என்றாள். "நிற்கவே இல்லை" என்றேன். "நல்லது. நடுக்கம் என்பது உடம்பு அடுப்பை மூட்டிக் கொள்வது. குளிர் குறையாமல் இருக்கும்போதே நடுக்கம் மட்டும் நின்றாலோ, நாக்குக் குழறினாலோ, அந்த நிமிஷமே இறங்கிவிடு. அதற்குப் பெயர் தோல்வி இல்லை, புத்தி" என்றாள். கறுப்புக் குப்பைப் பை ஒன்றில் மூன்று துவாரம் போட்டு எனக்கு மாட்டிவிட்டாள். காற்றைத் தடுக்க அதைவிடச் சிறந்த உடை அன்று உலகத்தில் இல்லை.

நாக்குக் குழறுகிறதா என்று எப்படிப் பரீட்சை செய்வது? பள்ளிக்கூடத்தில் பிரம்புக்குப் பயந்து மனப்பாடம் செய்த பதினாறாம் வாய்ப்பாடு ஞாபகத்துக்கு வந்தது. உரக்கச் சொல்லிக் கொண்டே மிதித்தேன். "ஓர் பதினாறு பதினாறு... ஈர் பதினாறு முப்பத்திரண்டு..." பக்கத்தில் வந்த அமெரிக்கர் ஒருவர் ஏதோ மந்திரம் என்று நினைத்துத் தொப்பியைத் தொட்டு மரியாதை செய்துவிட்டுப் போனார். "ஏழு பதினாறு நூற்றுப் பன்னிரண்டு" என்ற இடம் வந்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. சைக்கிள் தூரம் அதேதானே! பிற்பாடு ஊருக்குள் ஏறும் வழியில் அம்மாக் கரடி, குட்டிக் கரடி, அப்பாக் கரடி என்று பெயர் வைத்திருக்கும் மூன்று ஏற்றங்களையும் வாய்ப்பாடு சொல்லியே கடந்தேன். மாலை 5.30 மணிக்குள் வராதவர்களை நிறுத்திவிடுவார்கள். நான் வந்து சேர்ந்தபோது மணி 5.10.

பெண்களுக்கான கூடாரத்தில், முன்பின் அறியாத ஒரு வயதான அம்மாள் என் ஹெல்மெட் வாரை அவிழ்த்து, காலைத் துடைத்து, பூட்ஸ் கயிற்றையும் கட்டிவிட்டாள். என் விரல்கள் அந்த வேலைக்கு உதவவில்லை. சம்பளம் வாங்காமல் நாள் முழுவதும் மழையில் நின்று இப்படி ஊழியம் செய்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். பந்தயம் ஓடியவர்களைவிட அவர்களுக்குத்தான் மெடல் கொடுக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

* * *

ஓட்டம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பாதி ஓட்டம், பாதி நடை. பனிச் சறுக்குக் கோபுரங்களைத் தாண்டி, ஆற்றங்கரை ரோட்டில் போய்த் திரும்பி வர வேண்டும். அதுவும் இரண்டு தடவை. பூட்ஸுக்குள் தண்ணீர் 'சளக், சளக்' என்று தாளம் போட்டது. இருட்டியதும் வழியிலுள்ள பந்தல்களில் சுடச் சுட சூப் கொடுத்தார்கள். எல்லோரும் வாங்கி வாங்கிக் குடித்தார்கள். அது கோழி சூப். நானோ பிறந்ததிலிருந்து சைவம். ஆவி பறக்கிற கிண்ணத்தைப் பார்த்துக் கொண்டே தாண்டிப் போனேன்.

ஊருக்குள் வரும்போது, அத்தை புடவைக்கு மேல் மழைக்கோட்டும், தலைக்கு மேல் குடையுமாக வேலி ஓரத்தில் நின்றார். இவரும் குழந்தைகளும் பக்கத்தில். காலையிலிருந்து அதே இடம். அத்தை ஒரு டம்ளர் காப்பியை நீட்டினார். "வாங்கக் கூடாது அத்தை. வெளியார் எதுவும் கொடுக்கக் கூடாதுன்னு சட்டம்" என்றேன்.

"நான் வெளியாரா?" என்றார் அத்தை.

அன்றைக்கு முழுவதும் வராத அழுகை அப்போது வந்தது. மழையில் யாருக்குத் தெரியப் போகிறது!

அதற்குச் சற்றுத் தூரத்தில் என் பை காத்திருந்தது. மணி 8.20. பிளாஸ்கைத் திறந்தேன். சூடு இல்லை; ஆனால் வெதுவெதுப்பு இருந்தது. மிளகு, சீரகம், உப்பு, புளி. நாள் முழுவதும் வியர்வையில் உப்பை இழந்துவிட்டு வெறும் தண்ணீராகக் குடித்துக் கொண்டிருந்தால் ரத்தத்தில் உப்புக் குறைந்து ஆபத்தாகிவிடும். அதனால்தான் டாக்டர்கள் சூப் கொடுக்கச் சொல்கிறார்கள். கும்பகோணத்துச் சமையலறையிலும் அந்த சாஸ்திரம் தெரிந்துதான் இருக்கிறது. ஒரு பிளாஸ்க் ரசத்தையும் நின்றபடியே குடித்தேன். காலுறையை மாற்றினேன். தொண்டையிலிருந்து உள்ளங்கால் வரை ஒரு விளக்கு ஏற்றி வைத்தது போல் இருந்தது.

இரவு 11.38-க்கு எல்லையைத் தொட்டேன். 1980-ல் எரிக் ஹைடன் ஐந்து தங்கப் பதக்கங்களை வென்ற அதே சறுக்கு மைதானத்தில் எனக்கும் கழுத்தில் ஒரு மெடல் விழுந்தது. அத்தைக்கு நமஸ்காரம் செய்ய ஆசைதான். குனிந்தால் நிமிர முடியாது என்பதால் கையை மட்டும் கூப்பினேன்.

இவ்வளவையும் எழுதியதற்குக் காரணம், நீங்கள் எல்லோரும் நாளைக்கே ஏரியில் குதிக்க வேண்டும் என்பதற்காக அல்ல. மடோனா புடர் என்ற கன்னிகாஸ்திரீ 2012-ஆம் வருஷம், 82-வது வயதில், இதே தூரப் பந்தயத்தைக் கானடாவில் முடித்திருக்கிறார். அவர் ஓடத் தொடங்கியதே நாற்பத்தைந்து வயதுக்கு மேல்தான். நமக்கு வயதாகிவிட்டது, வீட்டு வேலை இருக்கிறது, வெளியே மழை பெய்கிறது என்று சொல்லும் காரணங்களில் மழை ஒன்றுதான் நிஜம். அதற்கும் குப்பைப் பை இருக்கிறது. தெருக்கோடி வரையாவது நடந்துவிட்டு வாருங்கள், சகோதரிகளே. எனக்கு இப்போது 60 வயது ஆகிறது. டாக்டரம்மா சொன்ன அந்த வாசற்படியை இன்னும் தாண்டவில்லை.

மெடல் எங்கே என்று கேட்கிறீர்களா? அத்தை ஊருக்குத் திரும்பும்போது தம்முடன் எடுத்துப் போய்விட்டார். காலமாகும் வரை கூடத்தில் ஆணியடித்து மாட்டி வைத்திருந்தார். வருகிறவர்கள், "இது என்ன மாமி?" என்று விசாரித்தால் ஒரே பதில்தான் சொல்வாராம்.

"அமெரிக்காவிலே என் ரசத்துக்குக் குடுத்தாங்க!"